நகரங்களின் ஆண்டு நிறைவுக்கு வரும் தபால் முத்திரைகளைச் சேர்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

"ஒரு கட்டடப் படம், ஒரு வருசம், அவ்வளவுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் பின்வளவில் இருந்த மாமா உப தபாலகமொன்றில் வேலை பார்த்தவர். பென்சன் எடுத்த பிறகு, பழைய கடித உறைகளை வெட்டி வாளித் தண்ணியில் ஊறப்போட்டு முத்திரை கழற்றுவதுதான் அவருக்குப் பின்நேர வேலை. ஒருநாள் ஈரம் சொட்டச் சொட்ட ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். காலிக் கோட்டையும் மணிக்கூட்டுக் கோபுரமும், 25 சதம்.

"காலிக்கு நூறு வயசா மாமா?"

"ஊருக்கு இல்ல மனே, மாநகர சபைக்கு. கோட்டை அதுக்கு எவ்வளவோ முந்தினது."

1965இல் கொழும்பு, 1966இல் கண்டி, 1967இல் காலி என்று மாநகர சபைகளின் நூற்றாண்டுக்கு அடுத்தடுத்து முத்திரை வந்தது. மூன்றும் 25 சதம்தான். அன்றையிலிருந்து எந்த நகர முத்திரை கையில் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எதிலிருந்து எண்ணினார்கள்?

சோவியத் ஒன்றியம் 1947இல் மொஸ்கோவுக்கு 800 வயது என்று முத்திரை அடித்தது. 1147ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் அந்தப் பெயர் முதன்முதலாக வருகிறது என்பதுதான் கணக்கு. பெயரை எழுதுவதற்கு முதல் நாள் அங்கே ஆள் இல்லையா என்ன! லெனின்கிராட், அதாவது இன்றைய சென் பீற்றர்ஸ்பேர்க்கின் கதை இன்னும் வேடிக்கை. 1703இல் தொடங்கிய நகரத்துக்கு 250 வருசம் 1953இலேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த மார்ச்சில் ஸ்டாலின் செத்துப்போனார். விழா 1957க்குத் தள்ளிப்போய், முத்திரையும் அந்த வருசத்தில் வந்தது.

எனக்கு மிகப் பிடித்தது 1987இன் பெர்லின் 750. நகரை மேற்கு, கிழக்கு என்று பிரித்த சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நகரத்தின் பிறந்தநாளுக்குத் தனித்தனியாக முத்திரை வெளியிட்டார்கள். இதில் எண்ணத் தொடங்கிய 1237 என்பது பெர்லின் பெயர் வரும் ஆவணம்கூட இல்லை, ஆற்றுக்கு மறுகரையில் இருந்த கொல்ன் என்ற ஊரின் பெயர் வருவது. ஊர்ச் சண்டை எங்கேயும் ஒன்றுதான்.

கல்கத்தாவுக்கு 300 வயது என்று இந்தியா 1990இல் முத்திரை வெளியிட்டது. 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காரரான ஜோப் சார்னொக் நகரத்தை நிறுவியவர் அல்ல, 1690 ஓகஸ்ட் 24 அதன் பிறந்தநாளும் அல்ல என்று சொல்லிவிட்டது. முத்திரையை யார் திருப்பி வாங்குவது?

மட்டக்களப்புக்கு ஒன்று அடிப்பதென்றால் எங்கிருந்து எண்ணுவது? புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628. பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். 2028இல் நானூறு என்று நான் சொன்னதற்கு மாமா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கோட்டைதான் அவன் கட்டினது, வாவியையும் அவனா வெட்டினான்?" என்று மறுகா ஒருநாள் கேட்டார். பதில் என்னிடம் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 1979 முத்திரையை அல்பத்தில் மட்டக்களப்புக்கு ஒதுக்கிய பக்கத்தில் வைத்திருக்கிறேன், இப்போதைக்கு.

தொடங்குவதென்றால் அந்த மூன்று 25 சதத்திலிருந்தே தொடங்குங்கள். கிழக்கு ஐரோப்பாவின் பழைய முத்திரைகளில் மூலையில் அழகாகச் சீல் விழுந்து, பின்னால் பசையும் அப்படியே இருந்தால் சந்தோசப்பட வேண்டாம். சேகரிப்போருக்கென்று சீல் குத்தியே விற்றவை அவை, கடிதத்தில் போனவை அல்ல.

எங்கள் ஊரில் பெரிய எதிரி மாரிகாலம். பாவிக்காத முத்திரையை அல்பத்தில் இறுக்கி அடுக்கினால் டிசம்பரில் பசை இளகித் தாளோடு ஒட்டிவிடும். என் கிழக்கு பெர்லின் நாலும் அப்படித்தான் போனது. இழுத்தேன், பாதிக் கட்டடம் தாளிலேயே நின்றுவிட்டது. அல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பக்கற்றுகளை எறியாமல் அலுமாரிக்குள் போடுங்கள். கழற்றிய முத்திரையை வெயிலில் காயவிட வேண்டாம், சுருண்டுவிடும். வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து மேலே பாரமான புத்தகம் ஒன்று போதும். மாமா பாவித்தது பழைய பஞ்சாங்கக் கட்டு.