மாநகரப் பேருந்துகள் ஏன் வேகம் இழக்கின்றன, பயணிகள் ஏன் விலகுகிறார்கள்?

பேருந்துகள் போதவில்லை என்பதே இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் உண்மை உண்டு. ஆனால், சென்னையில் மாநகரப் பேருந்தை நம்பியே வேலைக்குச் சென்றுவருபவன் என்ற முறையில், இருக்கிற பேருந்துகள் சாலையில் இழக்கும் நேரத்தையே முதல் காரணமாகக் கருதுகிறேன்.

ஒரு தடத்தில் 12 பேருந்துகள் ஓடுகின்றன, ஒரு பேருந்து போய்த் திரும்ப 120 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்தில் நிற்பவருக்கு 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிடைக்கும். நெரிசலால் அதே சுற்றுக்கு 160 நிமிடம் ஆனால், இடைவெளி 13 நிமிடத்தைத் தாண்டிவிடும். பழைய இடைவெளியைக் காப்பாற்றவே கூடுதலாக 4 பேருந்துகளும் அவற்றுக்கான ஓட்டுநர், நடத்துநர்களும் வேண்டும். இவ்வளவு செலவு செய்தும் பயணிக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தச் செலவைச் செய்ய முடியாதபோது நடைகள் குறைகின்றன.

சராசரி இடைவெளியைவிடப் பயணியை வருத்துவது ஒழுங்கின்மைதான். சிக்னலில் சற்றுத் தாமதித்த பேருந்துக்காக அடுத்த நிறுத்தத்தில் கூடுதலானோர் காத்திருப்பார்கள்; அவர்களை ஏற்றுவதில் அது மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பேருந்தில் ஏற அதிகம் பேர் இல்லாததால் அது விரைந்து வந்து முன்னதை எட்டிவிடும். அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே எண்ணில் மூன்று பேருந்துகள் சேர்ந்து வருவதற்கு ஓட்டுநர்களைத் திட்டுவோர் பலர். பெரும்பாலும் அது அவர்கள் தவறன்று.

நிறுத்தங்களிலும் நேரம் கரைகிறது. ஆட்டோக்களும் கார்களும் நிறுத்தத்தை அடைத்துக்கொள்வதால் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. முதியவர்கள் வாகனங்களுக்கிடையே ஓடிவந்து ஏற வேண்டியிருக்கிறது. கூட்டம் மிகுந்தால், கட்டணம் மாறும் அடுத்த ஸ்டேஜுக்கு முன் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்காக நடத்துநர் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதும் உண்டு.

கட்டணமும் ஒரு காரணமே. 2018 ஜனவரியில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயானபோது, இருவர் சேர்ந்து செல்லும் பயணத்துக்கு இருசக்கர வாகனமே மலிவாகத் தோன்றியது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல். என்றாலும், எப்போது வரும் என்று தெரியாத பேருந்து இலவசமாக இருந்தாலும் அலுவலகத்துக்கு நேரத்தில் கொண்டுசேர்க்காது. விலகிய ஒவ்வொருவரும் ஒரு வண்டியோடு அதே சாலைக்குத் திரும்புவதால், எஞ்சிய பேருந்துகள் இன்னும் மெதுவாகின்றன.

இந்தச் சுழலை உடைக்கப் பேருந்துக்கென்று சாலையில் இடம் வேண்டும். பெங்களூரில் 2019 அக்டோபரில் சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை வெளிவட்டச் சாலையில் தனித்தடம் அமைத்தார்கள். மெட்ரோ கட்டுமானத்தின்போது அதைக் காப்பாற்றாமல் விட்டது வருத்தத்துக்குரியது. சென்னை அண்ணா சாலையில் காலை, மாலை நெரிசல் நேரங்களிலாவது இடது ஓரத் தடத்தைப் பேருந்துகளுக்கு ஒதுக்கி, நிறுத்தங்களை அடைக்கும் வாகனங்களைக் கண்டிப்புடன் அகற்றினால், புதிய பேருந்து ஒன்றுகூட வாங்காமலே காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடியும்.