ஓடுபாதைக்கு ஏன் டோக்கன் இல்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்து பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். விழுப்புரம்–தஞ்சை பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் டோக்கன் கொடுத்து வாங்கியவன். ஒற்றைப் பாதையில் வண்டி போக டோக்கன்தான் அனுமதி. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து அந்த டோக்கன் உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அந்தக் காலத்துக் கருவிக்கே இத்தனை புத்தி இருந்தது. இவ்வளவு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஒரே ஓடுபாதையில் இரண்டு விமானத்தை விட்டிருக்கிறார்கள் என்றால் யாரோ தூங்கியிருக்கிறார்கள். அவரைப் பிடித்து உள்ளே போடச் சொல்லாமல் ஏன் சுற்றி வளைத்து எழுதுகிறீர்கள்? அடுத்த மாதம் மகளைப் பார்க்க மும்பை போகிறேன். முதல் விமானப் பயணம்.

ந. கலியமூர்த்தி, கும்பகோணம்

அன்புள்ள கலியமூர்த்தி ஐயா,

அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் என்னை உட்கார வைத்தது. பிரம்பு வளையத்தில் தொங்கும் டோக்கனை, நகரும் ரயிலிலிருந்து டிரைவர் கை நீட்டி வாங்குவதைச் சிறுவனாக வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஓடுபாதைக்கும் டோக்கன் உண்டு. ஆனால் அது கையில் பிடிக்கும் பொருள் இல்லை, வானொலியில் வரும் ஒரு வாக்கியம். வம்பே அங்கேதான்.

2024 ஜனவரி 2 அன்று ஹனேடாவில் யாரும் தூங்கவில்லை. முந்தைய நாள் நோட்டோ பகுதியில் நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களோடு கிளம்பிய கடலோரக் காவல்படை விமானத்திடம் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது இவ்வளவுதான்: 'நம்பர் ஒன்', சி5 என்ற காத்திருப்பு இடத்துக்குச் செல்லவும். விமானி அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லி நன்றியும் தெரிவித்தார். பிறகு காத்திருப்பு இடத்தைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய் நின்றுவிட்டார். வரிசையில் முதல் ஆள் என்பதற்காகச் சொன்ன 'நம்பர் ஒன்', போகலாம் என்ற அனுமதியாக அவர் மனதில் பதிந்திருந்தது. அவசர வேலையாகப் போகிறவருக்கு அப்படித்தான் காதில் விழும். சுமார் நாற்பது விநாடி அங்கே நின்றார். பின்னாலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் வந்து இறங்கி அதன்மேல் மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். தன் வேலையைச் செய்தது. ஓடுபாதையில் ஆள் இருக்கிறது என்று கோபுரத்தின் திரையில் எச்சரிக்கை காட்டியது. ஆனால் ஒலி கிடையாது, திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளும் கிடையாது. விபத்துக்குப் பிறகுதான் அதற்கென்று ஆள் போட்டார்கள், 'நம்பர் ஒன்' என்று சொல்வதையும் நிறுத்தி வைத்தார்கள். உங்கள் சிவப்பு சிக்னலுக்கு நிகராக, ஓடுபாதை வாசலில் தரையோடு தரையாகச் சிவப்பு விளக்கு வரிசை உண்டு. அங்கே அது பராமரிப்பில் இருந்தது. எரியும் நிலையில் இருந்திருந்தாலும், பார்வை தெளிவாக இருந்த அந்த மாலையில் போட்டிருக்கமாட்டார்கள். பனிமூட்டத்துக்கென்று வைத்த விளக்கு அது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

வாக்கியம் எப்படிக் கொல்லும் என்பதற்கு இதைவிடக் கொடிய கதை 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம், அதே பாதையில் எதிரே ஊர்ந்து வரும் பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ. கிளம்புகிறோம் என்ற பொருளில் கேஎல்எம் ஏதோ சொல்ல, கோபுரம் 'ஓகே' என்று தொடங்கி, பொறுங்கள், கூப்பிடுகிறேன் என்று முடித்தது. அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் கீச்சொலிதான் மிஞ்சும். கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டும். பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னாலிருந்து பொறியாளர் கேட்டார். கேப்டன் உறுதியாக மறுத்தார். இரண்டும் மோதின. 583 உயிர்கள். அதன் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே பூட்டி வைத்தார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே அதை உச்சரிக்கலாம், மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'. ஒரு சொல்லை டோக்கன் ஆக்கியது என்றால் இதுதான்.

யாரையாவது உள்ளே போடச் சொல்கிறீர்கள். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1991 பிப்ரவரி 1 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கட்டுப்பாட்டாளர், சிறு விமானம் ஒன்றை ஓடுபாதையில் காத்திருக்கச் சொன்னார். வேறு குழப்பங்களுக்கு நடுவே அதை மறந்து, இன்னொன்றுக்கு அதே ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுத்தார். 35 பேர் இறந்தார்கள். மறந்தது அவர்தான், ஐயமில்லை. ஆனால் விசாரணை வாரியம் கோபுர நிர்வாகத்தைத்தான் முதலில் குற்றம் சாட்டியது. ஒருவர் மறந்தால் இன்னொன்று நினைவூட்டும் ஏற்பாடு அங்கே இல்லை. தரை ரேடாரும் அன்று வேலை செய்யவில்லை. உங்கள் கருவி மறதிக்காரரையும் காப்பாற்றியது. அவர்களிடம் அது இல்லை.

அப்படியே ஒரு பூட்டை இங்கேயும் வைக்கலாமே என்றால், இடிப்பது நேரம். நீங்கள் போகும் மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தும் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அதை வைத்துக்கொண்டே ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள், சராசரி ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. 2024 ஜூன் 8 அன்று அங்கே ஏர் இந்தியா விமானம் கிளம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இண்டிகோ வந்து இறங்கியது. நல்லவேளை, முன்னது எழும்பிவிட்டது.

இதைச் சொன்னது உங்களைப் பயமுறுத்த அல்ல. ஹனேடாவில் எரிந்த பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உள்பேசி செயலிழந்ததால் பணிப்பெண்கள் மெகாபோனிலும் தொண்டையிலும் கத்தினார்கள், பயணிகள் பையை விட்டுவிட்டு இறங்கினார்கள். நீங்களும் உட்கார்ந்தவுடன் அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் இருக்கை கிடைத்தால் இன்னொன்றும் பாருங்கள். ஓடுபாதைக்குள் திரும்புமுன் தரையில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் வரும். விமானம் வரும் பக்கம் இரண்டு முழுக்கோடு, ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. உங்கள் ஊர் ஸ்டார்ட்டர் சிக்னல் அங்கே அதுதான். விமானம் அதன்முன் நின்றதா என்று திரும்பி வந்ததும் எழுதுங்கள்.