மனசு மட்டும் என்ன செய்யும், டீச்சர்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு 67 வயது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் கணவர் தவறியதும் மகன் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டான். ஆறாவது மாடியில் வீடு. நல்ல பிள்ளை, நல்ல மருமகள். ஒரு குறை சொல்ல முடியாது. எதைத் தொட்டாலும் "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார்கள். பேரனுக்குக் கணக்கு சொல்லித்தர உட்கார்ந்தால் "இப்ப சிலபஸ் வேற பாட்டி" என்று செல்போனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் "பாட்டி, பாத்து எறங்குங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். தோழிகளிடம் சொன்னால் "வயசு உடம்புக்குத்தான், மனசை இளமையா வச்சுக்கோ" என்கிறார்கள். வாட்ஸப்பிலும் தினமும் அதேதான் வருகிறது. முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடுவதா, இல்லை இல்லை என்று மல்லுக்கட்டுவதா? மனதை இளமையாக வைத்துக்கொள்வது எப்படி?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். எனக்கு 71. கண்டக்டரின் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

'மனசை இளமையா வச்சுக்கோ' என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சொல்கிறவர்கள் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சோர்ந்துபோனால் அது உன் மனசின் தப்பு என்ற குற்றச்சாட்டும் அதற்குள் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற அம்மா நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்தார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரை நினைத்தாலே கை கூப்பத் தோன்றும். ஆனால் அவர் படத்தைப் போட்டு 'வயது வெறும் எண்தான்' என்று எழுதி அனுப்பும்போது, முட்டி தேய்ந்து மாடிப்படியில் பாதியில் நிற்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்? 'அவங்களால முடியுது, உன்னால ஏன் முடியல?' என்றுதான் கேட்கும்.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. அதை யாரும் மனசோடு முடிச்சுப் போடுவதில்லை. கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்கிறோம். காது விஷயத்தில்தான் ஏமாந்துபோகிறோம். எங்கள் வீடு தென்காசிப் பக்கம். பின்னால் வாய்க்கால், கரையெல்லாம் மரம். சாரல் காலத்தில் ராத்திரியானால் சிள்வண்டுச் சத்தத்தில் பேச முடியாது. நாலைந்து வருடமாக அந்தச் சத்தமே இல்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தில் எல்லாம் செத்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டேன். கோடை லீவு முடிகிற சமயம், முதல் சாரல் விழுந்த ராத்திரி, பேத்தி படுக்கையில் காதைப் பொத்திக்கொண்டு "என்ன தாத்தா இப்படிக் கத்துது, எப்படித் தூங்குறீங்க?" என்றாள். எழுந்து ஜன்னலண்டை போய் நின்று கேட்டேன். தவளை கேட்டது. சிள்வண்டு கேட்கவில்லை.

வயதானால் காது மேல்சுருதியைத்தான் முதலில் விடும் என்று டாக்டர் சொன்னார். குழந்தைகள் குரல் மங்கும். ச, ஃப மாதிரி எழுத்துகள் நழுவும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. பத்துப் பேர் கூடிச் சாப்பிடுகிற இடத்தில் திரும்பத் திரும்ப 'என்ன, என்ன' என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். மெல்லத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவோம். 'தாத்தா இப்பல்லாம் அமைதியாயிட்டாங்க, வயசாச்சுல்ல' என்பார்கள். மனசு கிழடாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். காதுக்கு மெஷின் வைத்த பிறகுதான் மனசு அங்கேயே இருந்தது தெரிந்தது.

அதனால் முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். காது, பி12, தைராய்டு, இதில் எது குறைந்தாலும் சோர்வோ மறதியோ வந்து மூப்பு மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். கணவர் போன துக்கம் இன்னும் இறங்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு, கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புறநானூற்றில் வயதானவர்கள் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். ஒருவருக்கு இயற்பெயர்கூடத் தெரியவில்லை. பாட்டில் வருகிற கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவில் நாலு வார்த்தை பேசுகிறார். சின்ன வயதில் துறையில் தாழ்ந்திருந்த மருதங்கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் பதற, ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். 'உள்ளுக்குள் நான் இன்னும் பையன்தான்' என்று அவர் சொல்லவில்லை. போனது போய்விட்டது என்று வருந்துகிறார். அந்த வருத்தத்தைக் கேட்டவர்களும் தேற்றுகிறேன் என்று அதன் வாயை அடைக்காமல், பாட்டாகப் பத்திரப்படுத்தி நம் கை வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் அழுததும் சரிதான் டீச்சர்.

இன்னொருவர் பிசிராந்தையார். வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த, அதாவது வடக்கிருந்த, கோப்பெருஞ்சோழனைத் தேடிப் பாண்டிநாட்டிலிருந்து போனவர். 'வயது இத்தனை ஆகியும் நரைக்கவில்லையே, எப்படி?' என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். நீங்கள் கேட்கிற அதே கேள்வி. என் மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், வேலையாட்கள் நான் நினைப்பதையே நினைப்பவர்கள், அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலே, என் ஊரில் அடங்கிய சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். தன் மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் சொன்ன அத்தனையும் அவருக்கு வெளியே இருப்பவை.

பலமுறை படித்த பாட்டுதான். உங்கள் கடிதத்தோடு சேர்த்துப் படித்தபோதுதான் இது உறைத்தது. உங்களுக்குக் கணவரும் போனார், கையோடு ஊரும் போனது. பாளையங்கோட்டையில் காய்கறி வாங்கப் போனால் "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று இடுப்பில் பிள்ளையோடு யாராவது வந்து நின்றிருப்பார்கள். ஆறாவது மாடியில் அப்படி யார் வந்து நிற்பார்கள்? 31 வருடம் டீச்சராக இருந்தவர் ஒரே நாளில் வெறும் பாட்டி ஆனால் நெஞ்சு தாங்காது. இதில் மனசு மட்டும் தனியாக என்ன செய்துவிடும்?

அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஒரு அத்தை இருந்தாள். சித்திரை வெயில் ஏறினால் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வடகம் போடுவார்கள். 84 வயதில் அத்தையால் துடுப்புப் பிடித்துக் கூழ் கிண்ட முடியாது, கண்ணும் மங்கல். கூழ் கொதிக்கும்போது அடுத்த வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து திண்ணையில் அவள் பக்கத்தில் வைப்பாள். அத்தை விரலைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொடுவாள். விரலில் ஒட்டினால் "இன்னும் வேகணும்டி". ஒட்டாமல் வந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். "உப்பு சரியா இருக்கு. அப்ப கூடிப்போச்சு. காஞ்சா ஏறிரும். இன்னும் ஒரு கை மாவு கரைச்சு ஊத்து." அவளைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு மாடியிலும் வேட்டி விரித்ததில்லை. வயதாகவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னது கிடையாது. "எம்பத்தி நாலு முடிஞ்சிட்டு" என்று தெம்பாகச் சொல்வாள்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஐம்பதும் அதற்கு மேலும் வயதான 660 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று அதில் தெரிந்தது. அவர்களிடம் கேட்டவற்றில் ஒன்று: வயதாக ஆக நம்மால் ஆகிற உபயோகம் குறைகிறதா? அத்தையிடம் இதைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. உங்களுக்கு இப்போது அது நன்றாகவே புரியும் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

67 ஆகிவிட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஒதுங்குவது மட்டும் வேண்டாம். மகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், "ரெஸ்ட் போதும்டா, வேலை கொடு" என்று. வாட்ச்மேனிடம் விசாரியுங்கள், அந்தக் கட்டடத்திலோ, அங்கே வேலைக்கு வருகிற பெண்களின் வீட்டிலோ, பத்தாம் வகுப்புக் கணக்கில் தவிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

உங்கள் மகனும் மருமகளும் இதைப் படித்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஏதாவது கேளுங்கள் தம்பி. உங்களுக்கு நிஜமாகவே தெரியாததைக் கேளுங்கள். பெரியவர்கள் மனம் குளிரட்டும் என்று கேட்டால் அது உடனே தெரிந்துவிடும்.

எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது டீச்சர். சிள்வண்டைக் கேட்டுச் சொன்ன அதே பேத்தி இப்போது ஏழாம் வகுப்பு. "மைனஸை மைனஸால் பெருக்கினா ஏன் தாத்தா பிளஸ் வருது?" என்றாள். "அதுதான் விதி" என்றேன். "விதி தெரியும். ஏன்?" என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கிறார், அவரும் விதி என்றுதான் சொன்னார். பிள்ளை விடுவதாக இல்லை. 31 வருடத்தில் எத்தனை பிள்ளைகள் உங்களிடம் இதைக் கேட்டிருப்பார்கள்! அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வீர்கள்? கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்