அதே தெரு, அதே முகங்கள்
வாசகர் கேள்வி பதில்

ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் எங்கள் ஊர் மார்க்கெட் தெருவைப் படம் எடுக்கிறேன். ஆரம்பத்தில் எங்கே திரும்பினாலும் படம் கிடைத்தது. இப்போது அதே பூக்கடை, அதே தள்ளுவண்டி. வேறு தெருவுக்கு மாறிவிடலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

மாறாதீர்கள். இந்த ஒரு வருஷத்தில் உங்கள் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்ததை எல்லாம் எடுத்து முடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். தெரு இன்னும் அப்படியே இருக்கிறது. "அதே பூக்கடை" என்கிறீர்கள், சரி, அந்தக் கடைக்காரருக்கு ஒரு பிரிண்டாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்களா?

மில்டன் ரோகோவின் என்று ஒருவர். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கும் தொழில். 1972-ல் தன் கடைக்குப் பக்கத்தில் இருந்த லோயர் வெஸ்ட் சைடு என்ற ஏழைக் குடியிருப்பில் படம் எடுக்க ஆரம்பித்தார். நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்ன வட்டாரம். முதலில் அவரை யாரும் நம்பவில்லை. அவர் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு உரியவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. இப்படி நில், அப்படிச் சிரி என்றெல்லாம் சொல்ல மாட்டார். எங்கே எப்படி நிற்பது என்பது அவர்கள் விருப்பம்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் நல்ல படங்கள்தான். ஆனால் 1984-ல் அந்தப் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து விசாரித்து அதே ஆட்களைத் தேடிப் போனார். 1992-ல் மறுபடியும் போனார். 2000-ல் நான்காவது முறை, அப்போது அவருக்கு 90 வயது தாண்டிவிட்டது! நான்கு படங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இளைஞன் தாத்தாவாகிறான், சேர்ந்து நின்றவர்களில் ஒருவர் அடுத்த படத்தில் இல்லை, ஏன் இல்லை என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் யாரோ ஒருவர் கேமராவைப் பார்த்து நிற்கும் சாதாரணப் படம். அவற்றுக்கு நடுவே கழிந்த வருஷங்கள்தான் நம்மை உலுக்குகின்றன, அதை எந்தத் திறமையாலும் ஒரே நாளில் எடுத்துவிட முடியாது. அதனால்தான் போகாதீர்கள் என்கிறேன். உங்களுக்கு முதல் வருஷம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, புதுத் தெருவில் அதைப் பூஜ்யத்திலிருந்து சேர்க்க வேண்டும்.

இப்படி வருஷக்கணக்காக எடுப்பதற்கு எந்த கேமரா நல்லது?
(சேலம் வாசகர்)

இப்போது கையில் இருப்பது. பாரிஸின் பழைய தெருக்களை 1898 வாக்கில் எடுக்கத் தொடங்கிய யூஜின் அட்ஜெ, 1927-ல் இறக்கும்வரை கண்ணாடித் தகடு போடும் கனமான மர கேமராவைத்தான் முக்காலியோடு சுமந்தார். கையடக்கமான கேமராக்கள் வந்த பிறகும் மாற்றவில்லை. ஒரு லென்ஸோடு நீண்ட காலம் பழகினால் எங்கே நிற்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்துவிடும், பத்து வருஷம் கழித்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதும் பொருந்தி நிற்கும்.

வீட்டில் "இதனால் என்ன வருமானம்" என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் இது நடக்குமோ என்றும் தோன்றுகிறது.
(ஆவடி வாசகர்)

வேலையை விடாதீர்கள், தயவுசெய்து. ரோகோவின் அந்தத் தெருக்களில் எடுக்க ஆரம்பித்தபோது கடையை நடத்திக்கொண்டுதான் இருந்தார். 1950-களின் இறுதியில் அவருடைய இடதுசாரி அரசியலுக்காக அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தி, பத்திரிகைகளும் தூற்றி, கடைக்கு வந்தவர்கள் குறைந்துபோனபோது, ஆசிரியையான மனைவி ஆனின் சம்பளம் குடும்பத்தைத் தாங்கியது. பின்னாட்களில் படம் எடுக்கப் போகும்போது ஆனும் கூடவே போவார். அட்ஜெ தன் படங்களை ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார், பெரிய வசதி ஒன்றும் இல்லை. இவ்வளவு நீண்ட வேலைக்கு முதலில் வேண்டியது மாதம் தவறாமல் வரும் ஏதோ ஒரு வருமானம். அப்புறம், வீட்டில் இருப்பவர்களை ஒரு நாள் அந்தத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் உங்களைப் பார்த்து "தம்பி, என் படம் எங்கே?" என்று கேட்பதை அவர்கள் காதால் கேட்கட்டும்.

ஒரு அம்மா திட்டிவிட்டார், படத்தை அழிக்கச் சொன்னார். கூச்சமாகிவிட்டது, அதன் பிறகு தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுக்கிறேன். சரிதானா?
(கோவை வாசகி)

சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள், நாளைக்கும் அதே தெருவுக்குத்தானே போக வேண்டும்! புரூஸ் டேவிட்சன் 1966-லிருந்து இரண்டு வருஷம் நியூயார்க்கின் கிழக்கு 100-வது தெருவை எடுத்தபோது, முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவைக் கொண்டுபோனார். அதை வைத்துக்கொண்டு ஒளிந்து எடுக்கவே முடியாது. குடியிருப்போர் அமைப்பிடம் முதலில் அனுமதி கேட்டார், எடுத்தவர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தார். ஜூமை வீட்டில் வைத்துவிட்டு, கேமராவை வெளியே எடுக்காமல் சில நாள் வெறுமனே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. எப்படி வைத்துக்கொள்வது?
(நெல்லை வாசகர்)

இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டும் வேறு வேறு வீட்டில். தேதி, தெரு, எந்தக் கடை முன்னால், யார் என்று அன்றைக்கு இரவே நோட்டில் எழுதிவிடுங்கள், அடுத்த வாரம் என்றால் பாதி மறந்துவிடும். அட்ஜெ தகடுகளுக்கு எண் போட்டு வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு மிச்சம் இருந்தவற்றை பெரனீஸ் அப்பாட் என்ற புகைப்படக்காரர் வாங்கிக் காப்பாற்றினார், 1968-ல் அவை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உங்கள் நோட்டையும் டிஸ்க்கையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.