பழைய கோல்ஃப் எழுத்து: கேள்விகளும் பதில்களும்

கே: நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய கோல்ஃப் கட்டுரைகளை இன்னும் தேடிப் படிக்கிறார்களாமே, அப்படி என்ன இருக்கிறது சார்?

ப: ஒரு ஆட்டம் முடிய நாலு மணி நேரம் ஆகும். அதில் பந்தை அடிக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிஷம் தேறும். மீதியெல்லாம் நடைதான். போன அடியை நினைத்துப் புழுங்குவது, அடுத்த அடியை நினைத்துக் கலங்குவது என்று அந்த நடையில் மனசுக்குள் ஓடுவதுதான் எழுதுகிறவனுக்குத் தீனி. டென்னிஸில் எதிராளி பந்தைத் திருப்பி அடிக்கிறான், கிரிக்கெட்டில் பந்து சீறிக்கொண்டு வருகிறது. இங்கே பந்து பாட்டுக்குப் புல்லில் கிடக்கிறது, யாரும் குறுக்கே வருவதில்லை. கெடுத்துக்கொண்டால் பழிபோட ஆளே கிடையாது. பழைய ஆட்கள் எழுதியது அந்த அவஸ்தையை. அதைப் புரிந்துகொள்ள ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

கே: இது எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ப: ஸ்காட்லாந்தில். 1743இல் தாமஸ் மாத்திசன் எடின்பரோவில் ‘தி காஃப்’ என்ற நெடும்பாட்டை அச்சிட்டார். கோல்ஃபுக்கென்றே வந்த முதல் அச்சுப் புத்தகம் அது. இரண்டு பேர் பந்தடிப்பதைப் போர்க்களக் காப்பிய மிடுக்கோடு பாடுகிற கேலிப் பாட்டு. அதாவது, முதல் புத்தகத்திலேயே கிண்டல் வந்துவிட்டது! அடுத்த வருஷம் லீத் மைதானத்து ஆட்டக்காரர்கள் 13 விதிகளை எழுதி வைத்தார்கள். ஆளோ குதிரையோ நாயோ வேறெதுவோ பந்தைத் தடுத்து நிறுத்தினால், பந்து கிடக்கிற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்கிறது ஒரு விதி. வேலி போட்ட கிளப் அல்ல, ஊரே புழங்குகிற வெளி என்பது அந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் 1887இல் வால்டர் சிம்ப்சன் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் கோல்ஃப்’. எவ்வளவு கோணலான உடம்பானாலும் நல்ல கோல்ஃப் ஆடலாம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும் பக்கத்தைப் படித்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

கே: பெர்னார்ட் டார்வின் என்று ஒருவரைச் சொல்கிறார்களே. அந்த டார்வினுக்கு உறவா?

ப: சாட்சாத் பேரன். 1876இல் பிறந்தார். பிறந்த சில நாளில் தாய் இறந்துபோக, தாத்தா சார்லஸ் டார்வின் வீட்டிலேயே வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்து வக்கீல் ஆனார், அதில் மனசு ஒட்டவில்லை. 1907இலிருந்து 1953 வரை லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கோல்ஃப் எழுதினார். அந்தக் காலத்துக் கோல்ஃப் செய்தி பெரும்பாலும் யார் எந்தக் குழியை எத்தனை அடியில் முடித்தார் என்ற பட்டியல்தான். இவர் அதை ஓரம்கட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தது, யார் முகம் எந்தக் குழியில் வெளிறியது என்று எழுத ஆரம்பித்தார். நடுநடுவே டிக்கன்ஸ் நாவல் ஆட்கள் வந்து போவார்கள். சில சமயம் அது கொஞ்சம் அதிகமாகவே போய்விடும், ஒப்புக்கொள்கிறேன்.

முக்கியமான விஷயம், அவரே பெரிய ஆட்டக்காரர். காசுக்கு ஆடாதவர்களுக்கான பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் 1909, 1921 இரண்டு தடவை அரையிறுதிவரை போனவர். 1922இல் பிரிட்டிஷ், அமெரிக்க அணிகள் மோதும் முதல் வாக்கர் கோப்பைக்குச் செய்தி எழுத நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் போனார். பிரிட்டிஷ் அணித் தலைவருக்கு உடம்பு முடியாமல் போக, இவரையே இறக்கிவிட்டார்கள். பேனாவை வைத்துவிட்டுப் போய், அமெரிக்க அணித் தலைவர் வில்லியம் ஃபவுன்ஸையே ஒற்றையர் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தார். தோற்பவன் வயிற்றில் என்ன புரளும் என்று அவர் யாரையும் கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை.

கே: 1913 அமெரிக்க ஓப்பன் பற்றி எல்லாரும் உருகுகிறார்களே, ஏன்?

ப: பாஸ்டன் பக்கத்தில் புரூக்லைன். மைதானத்துக்கு எதிர்த் தெருவில் வீடு, சின்ன வயதில் அங்கேயே ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்த பையன், பெயர் ஃபிரான்சிஸ் விமெட், வயது 20. எதிரே ஹாரி வார்டன், டெட் ரே என்று இங்கிலாந்தின் இரண்டு ஜாம்பவான்கள். வார்டன் அதற்குள் 5 தடவை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தவர், ரே முந்தைய வருஷத்து சாம்பியன். நாலு சுற்று முடிவில் மூவரும் சமம். மறுநாள் நனைந்த தரையில் ஜெயித்தவர் யார் என்று தீர்க்கப் பதினெட்டுக் குழி பிளேஆஃப். பையனின் பையைச் சுமந்தது எடி லோவரி, வயது 10. பை அவன் உயரத்துக்கு இருந்தது.

டார்வின் அங்கே வெறும் நிருபராக நிற்கவில்லை. விமெட்டின் ஸ்கோரைக் குறிக்கும் ஆளாகக் கூடவே நடந்தார். தன் நாட்டுப் பெரியவர்கள் இருவரும் சரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபடி, அந்தப் பையனின் எண்களைத் தன் கையால் எழுதினார். பதினேழாம் குழியில் பையன் மூன்றே அடியில் முடிக்க, வார்டனுக்கு ஐந்து. குறைவான அடியில் முடிப்பவருக்குத்தான் ஜெயம். முடிவில் விமெட் 72, வார்டன் 77, ரே 78. இந்த மூன்று எண்ணும் எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் கிடைக்கும். பக்கத்தில் நடந்தவர் எழுதினால் அது வேறு.

கே: அண்ணா, இது பணக்காரர் பொழுதுபோக்கு. அதை எதற்கு இலக்கியம் என்று தூக்கிப்பிடிக்க வேண்டும்?

ப: பாதி சரி தம்பி. அந்தப் புத்தகங்களில் திமிர் உண்டு. மைதானத்தில் கொண்டாடப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களை அக்காலத்து பிரிட்டிஷ் கிளப்புகள் உள்ளே அனுமதித்ததில்லை. அதைச் சாதாரணமாகக் கடந்துபோகும் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் வார்டன் ஜெர்சித் தீவில் தோட்டக்காரர் மகன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றும் பொது நிலம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு லீவு, ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கே: பெண்கள் யாருமே இல்லையா சார்?

ப: ஜாய்ஸ் வெதர்ட் இருக்கிறாரம்மா. 1922இல் தம் சகோதரர் ரோஜரோடு சேர்ந்து புத்தகமே எழுதினார். 1920இல் ஷெரிங்ஹாமில் இங்கிலாந்துப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டம், அவர் பந்தைக் குழிக்குள் உருட்டும் நேரம் பார்த்துப் பக்கத்திலேயே ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனதாம். ரயில் போகட்டும் என்று ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டதற்கு, “எந்த ரயில்?” என்றாராம். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பளபளப்பேறிய கதை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

கே: பந்து சின்னதாக ஆக எழுத்து நன்றாக இருக்கும் என்று ஒரு கொள்கை உண்டாமே?

ப: அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டன் விளையாட்டாகச் சொன்னது. அப்படிப் பார்த்தால் கோலிக்குண்டுக்கு இந்நேரம் பத்துக் காப்பியமாவது வந்திருக்க வேண்டும்.

கே: அமெரிக்கர்களில் யாரைப் படிக்கலாம்?

ப: ஹெர்பர்ட் வாரன் விண்ட். ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் நிதானமாக, நீளநீளமாக எழுதியவர். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தின் 11, 12, 13ஆம் குழிகள் சேரும் மூலைக்கு ‘ஏமன் கார்னர்’ என்று 1958இல் பெயர் வைத்தவர். பழைய ஜாஸ் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அந்த வருஷ மாஸ்டர்ஸை ஆர்னால்ட் பால்மர் ஜெயித்தது அந்த மூலையில் நடந்த கூத்தால்தான்: பன்னிரண்டாம் குழியில் மண்ணில் புதைந்த பந்தைப் பற்றி வாதாடி, இன்னொரு பந்தையும் ஆடி, கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இன்று டிவியில் அகஸ்டாவைக் காட்டினால் அந்தப் பெயரைச் சொல்லாத வர்ணனையாளர் கிடையாது.

கே: சரி, ஒரே ஒரு புத்தகம். எதில் ஆரம்பிக்க?

ப: ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ். 1922இல் வந்த ‘தி கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்’. கிளப்பில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து வைத்துக் கதை சொல்லும் ஒரு கிழவர், அவரிடம் மாட்டிக்கொண்டு நெளியும் இளைஞர்கள். பக்கத்துப் புல்வெளியில் பட்டாம்பூச்சிகள் போட்ட இரைச்சலால் குறி தவறும் ஒருவன் அதில் வருகிறான். விதி எதுவும் தெரியாமலே சிரிக்கலாம். குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முதல் கதை பிடிக்கவில்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள், டார்வினைத் தேடிப் போக வேண்டாம். பிடித்துவிட்டால் அடுத்து டார்வினுடைய 1910 புத்தகம், பிரிட்டிஷ் தீவுகளின் மைதானங்கள் பற்றியது. ஹாரி ரவுன்ட்ரீயின் வண்ண ஓவியங்களுள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.