"அதை விடுங்கள்"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 69. களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன். 32 வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகுதான் ஹைக்கூ என்ற ஜப்பானிய மூன்று வரிக் கவிதை எழுதத் தொடங்கினேன். இப்போது நான்கு கொப்பி நிறைந்துவிட்டது.

எழுதுவது சந்தோஷம். வாசிக்க ஆளில்லாததுதான் கவலை. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒரு பெருவிரல் வரும், அவ்வளவுதான். கொழும்பில் இருக்கும் மகன் "சுப்பர் அம்மா" என்பான். அனுப்பி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் என்ன வாசித்திருப்பான்? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது.

மாசி மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மூன்றாவது கவிதையைத் தொடங்கும்போதே ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள். பிறகு ஒரு பெடியன், என்னிடம் படித்தவன்தான், "ரீச்சர், மூன்று வரிக்கும் 5-7-5 என்று எழுத்தெண்ணி எழுதினால் ஹைக்கூ வராது" என்றான். யாப்புப் படிப்பித்த என்னிடமே சொல்கிறான்.

வீட்டிலும் அப்படித்தான். இவர் நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. ஆனால் நான் கொப்பியோடு உட்கார்ந்தால் போதும், "காஸை நூர்த்தியா?", "மோட்டரை நிப்பாட்டினியா?" என்று தொடங்கிவிடுவார். பத்து நிமிடம் போனால் திரும்பவும் அதே கேள்வி. என் எழுத்துக்கு ஒரு காஸ் அடுப்பின் மதிப்புக்கூட இல்லையா?

தொகுப்புப் போடலாம் என்று கொப்பிகளை எடுத்துப் பிரதி பண்ணத் தொடங்கினேன். அச்சகத்தில் கேட்ட காசு என் இரண்டு மாதப் பென்சனுக்கு மேல். பிரதி பண்ணும்போது பார்த்தேன், 2022இல் எழுதிய ஒன்றும் போன மாதம் எழுதிய ஒன்றும் ஒன்றுதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

அம்மாவின் கூறை
கட்டாமல் கிழிந்தது
மடித்த கோட்டில்

புதிதாக வந்த கவிதை என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! சரி, வயது போனால் அப்படித்தான். அம்மாவும் கடைசி மூன்று வருடம் என்னை "ரீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். அதை விடுங்கள். மகளைப் பற்றித்தான் கேட்க வந்தேன். தாய் அனுப்பும் மூன்று வரியை வாசிக்க ஒரு பிள்ளைக்கு நேரமில்லையா? அந்தப் பெருவிரலைப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்பான அக்கா,

ஊரே உங்களை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். நான் ஏன் அக்கா என்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

"அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. பெருவிரலைப் பற்றி இரண்டு தடவை எழுதிய நீங்கள், அம்மாவை ஒரே ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். அந்த வரியைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருகிறதா என்பதுதானே பயம்?

கடிதத்தை வைத்து ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு கொப்பிக் கவிதையில் ஒன்றை எழுதியது நினைவில்லாமல் போவது பெரிய விஷயம் இல்லை. தாய்க்கு மறதி நோய் இருந்தது என்பதால் மகளுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. ஆனாலும் என்னை யோசிக்க வைத்தது அந்தக் காஸ் கேள்வி.

இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். ஒரு மனிதர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காஸைப் பற்றிக் கேட்கிறார் என்றால், என்றைக்கோ ஒருநாள் அது நூர்க்கப்படாமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கலாம். உங்கள் மனம் நோகும் என்று அதைச் சொல்லாமல், கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்களோ அந்த இரண்டு கொப்பியையும் அவரிடம் காட்டவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. (கேட்டதை மறந்துதான் அவர் திரும்பக் கேட்கிறாரோ என்னவோ. அதனால் வைத்தியரிடம் இரண்டு பேருமாகவே போங்கள்.) தைரொயிட், பி12 குறைவு, நித்திரைக் குறைவு, சில மருந்துகள், மனச்சோர்வு என்று மறதிக்குச் சரிப்படுத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் காட்டி, தேவையென்றால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெடியன் சொன்னது பாதி சரி. ஜப்பானியர் எண்ணுவது ஒலி அலகை. அவர்களுக்கு 'ன்' கூடத் தனியாக ஓர் அலகு. நம் எழுத்துக் கணக்கு அதோடு பொருந்தாது. உங்கள் கவிதையைப் புள்ளி எழுத்தை விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக 5-7-5 வருகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கணக்கு இல்லை. என் அம்மாவின் பட்டும் பெட்டிக்குள்ளேயே மடிப்பு மடிப்பாக விட்டுப்போனது.

ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்த மசவோகா ஷிகியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். காசநோய் முதுகெலும்புக்கு ஏறி, வருடக்கணக்கில் பாயில் கிடந்து, 1902இல் 34 வயதில் இறந்தவர். 1896இல் எழுதிய ஒன்றில், பனி எவ்வளவு ஆழத்துக்குப் பெய்திருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன் என்கிறார். எழும்பிப் போய்ப் பார்க்க முடியாதவரின் கேள்வி அது. பெரிய கவிஞரின் தனிமை என்றுதான் நான் முன்பு வாசித்தேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் தாயும் தங்கை ரித்சுவும். கவிதையில் அவர்கள் இல்லை. ஆனால் அவர் அத்தனை தடவை கேட்டார் என்றால், அத்தனை தடவையும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவந்து யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் நீங்கள். "ரீச்சர்" என்று கூப்பிட்டால் "என்னம்மா" என்று போயிருப்பீர்கள். மகளின் பெயர் அவருக்குப் போய்விட்டது. ஆனால் மகள் ரீச்சரானது ஒரு தாய் கடைசிவரை பிடித்து வைத்திருக்கக்கூடிய பெருமை. அதை அவர் விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு நீங்கள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிற நிலை வந்தால், அலுக்காமல் பதில் சொல்லப்போகிறவர் இன்றைக்குக் காஸைப் பற்றிக் கேட்கிறாரே, அவர்தான்.

மகளைப் பற்றி. உங்களுக்கு வேண்டியது அவளுடைய பாராட்டு இல்லை, அக்கா. நீங்கள் மறந்தாலும் அவள் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அதை அவளிடம் ஒருநாளும் கேட்காமல், பெருவிரலுக்குக் கோபிப்பது நியாயமில்லை. அவள் கையில் கிடைத்தது மூன்று வரி. அதற்குப் பின்னால் அம்மம்மாவும் கூறைப் பெட்டியும் உங்கள் பயமும் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை கவிதை அனுப்பாதீர்கள். கோல் எடுத்து, அம்மம்மா உங்களை எப்படிக் கூப்பிட்டார் என்று சொல்லுங்கள்.

அதற்கு முதல், இன்று இரவு இவர் காஸைக் கேட்கும்போது எழும்பிப் போய்ப் பாருங்கள். திரும்பி வந்து இரண்டு கொப்பியையும் அவர் முன்னால் வைத்து, எந்தப் பக்கம் என்று காட்டுங்கள்.