தங்கமும் பணவீக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பணவீக்கம் ஏறும்போதெல்லாம் தங்கமும் ஏறும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால் உண்மையில்லை. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் டாலர் கணக்கில் தங்கம் அந்த ஆண்டைத் தொடங்கிய விலைக்கு அருகிலேயே முடித்தது. அதே ஆண்டில் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்தியது முக்கியக் காரணம். தங்கம் வட்டி தராத சொத்து என்பதால், கடன் பத்திரங்களின் வட்டி பணவீக்கத்தை விஞ்சும் நிலை வரும்போது அதன் கவர்ச்சி குறைகிறது. ஆகவே பணவீக்கத்தை மட்டுமன்றி, வட்டிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: நீண்ட காலம் வைத்திருந்தால் நட்டமே வராது என்று நம்பலாமா? நீண்ட காலம் என்பது எத்தனை ஆண்டு?

பதில்: வாங்கிய விலையைப் பொறுத்தது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) தங்கம் 850 டாலரைத் தொட்டது. அந்த உச்சத்தில் வாங்கி 2001-ல் விற்றவருக்கு 300 டாலர்கூடக் கிடைத்திருக்காது. இடையில் அமெரிக்க விலைவாசியோ இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. 850 டாலர் என்ற எண் 2008-ல் திரும்பியது என்றாலும், பணவீக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பழைய உச்சத்தைத் தங்கம் தாண்டியது 2025-ல்தான். ஒருவர் சம்பாதிக்கும் காலம் முழுவதும் அதில் அடங்கிவிடும். மாறாக, தங்கத்தைப் புகழ்வோர் 1971-லிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். 1934 முதல் 35 டாலரில் கட்டிவைக்கப்பட்டிருந்த அதிகாரபூர்வ விலை, டாலருக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்திய பிறகு அவிழ்ந்த காலம் அது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, பல ஆண்டுகள் அடக்கிவைக்கப்பட்ட உயர்வின் நிலுவை. தொடக்க ஆண்டைச் சொல்லாத எந்த ஒப்பீட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: அப்படியானால் தங்கத்துக்கு மதிப்பு நிலைப்பது எதனால்?

பதில்: இதுவரை வெட்டியெடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ இரண்டு லட்சம் டன், ஆண்டுதோறும் சுரங்கங்கள் அதில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கின்றன. நோட்டைப் போல நினைத்த அளவுக்கு அச்சடிக்க முடியாது.

கேள்வி: சேமிப்புக்கு நகை ஏற்றதா?

பதில்: இல்லை. செய்கூலி விற்கும்போது திரும்பாது. கட்டி, நாணயம் ஆகியவற்றில் இந்த இழப்பு குறைவு; ஆனால் பாதுகாப்புச் செலவு உண்டு. தங்க நிதித் திட்டங்களில் அதற்கு ஈடாக ஆண்டுக் கட்டணம் பிடிப்பார்கள். வாங்கும் முன் அந்த விகிதத்தைக் கேட்டறியுங்கள்.